சுருட்டி வைத்த எழுத்துக்கள்
கணிப்பொறிக் கோப்பு மூட்டைகளை அவிழ்த்துப் படிப்பது எப்படி?

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வாழ்த்துத் தந்தியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2013 ஜூலை மாதத்தில் இந்தியாவில் தந்தி சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு முன் திருமணத்துக்கும், தீபாவளிக்கும், தேர்வில் தேறியதற்கும் தந்தியில் வாழ்த்து அனுப்புவது வழக்கம். தந்திக்குச் சொல் கணக்கில் கட்டணம். ஆகவே தந்தி அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் வழக்கமான வாழ்த்து வாசகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். எண்ணை மட்டும் சொன்னால் போதும். கம்பி வழியே அந்த எண்தான் போகும். சென்று சேரும் ஊரின் தந்தி அலுவலகத்தில் அதை முழு வாசகமாக விரித்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

இரயில்வேயிலும் இதே சிக்கனம் உண்டு. திருச்சிராப்பள்ளி ஜங்ஷனுக்கு 'டி.பி.ஜே.' என்று மூன்றே எழுத்து. மன்னார்புரத்துக்கு அருகிலுள்ள பொன்மலைக்கு 'ஜி.ஓ.சி.'. 'கோல்டன் ராக்' என்னும் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது அது. ஸ்ரீரங்கத்துக்கு 'எஸ்.ஆர்.ஜி.எம்.'. உங்கள் பயணச்சீட்டில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள்.

நீண்டதைச் சுருக்கி அனுப்பு; போய்ச் சேர்ந்த இடத்தில் விரித்துக்கொள். கணிப்பொறியில் நாம் காணும் 'ஜிப்' கோப்புகளும், 'டார்', 'ஜி-ஜிப்' கோப்புகளும் இந்த ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே பட்டியல் இருக்கவேண்டும். பட்டியல் தொலைந்தால் வாழ்த்தும் தொலைந்தது!

ஓர் எழுத்துக்கு எத்தனை பைட்டு?

'மன்னார்புரம்' என்று எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் ஏழு எழுத்துக்கள். கணிப்பொறியின் கணக்கு வேறு. இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையில் உயிர்மெய் எழுத்தின் உடலுக்கு ஒரு குறி. அதன்மேல் வரும் புள்ளிக்கும், காலுக்கும், 'உ'கரச் சுழிக்கும் தனித்தனிக் குறி. அப்படிப் பிரித்தால்:

ம, ன, புள்ளி, ன, கால், ர, புள்ளி, ப, உகரக்குறி, ர, ம, புள்ளி.

மொத்தம் 12 குறிகள். யூனிகோடை 'யூடிஎஃப்-8' என்ற முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு ஆகும். ஆகவே மன்னார்புரத்துக்கு 36 பைட்டு. ஒரு பைட்டு என்பது எட்டு பிட். பிட் என்பது 0 அல்லது 1. ஆக 288 பிட்டுகள்.

'ம' என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளையும் எண்களாக எழுதினால் 224, 174, 174. புள்ளிக்கு 224, 175, 141. யூடிஎஃப்-8 முறையில் எந்தத் தமிழ்க் குறியை எடுத்துக்கொண்டாலும் முதல் பைட்டு 224தான். இரண்டாவது பைட்டு 174 அல்லது 175. உண்மையில் எழுத்தை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் மூன்றாவது பைட்டுதான். முதல் பைட்டு 'நான் சொல்லப்போவது தமிழ், தமிழ்' என்று ஒவ்வொரு முறையும் கட்டியம் கூறிக்கொண்டிருக்கிறது. இப்படிச் சொன்னதையே சொல்லும் இடத்தில்தான் சுருக்குவதற்கு வழி இருக்கிறது.

அடிக்கடி வருவதற்குச் சிறிய குறி

1951ஆம் ஆண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ராபர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தம் மாணவர்களிடம், 'தேர்வு எழுதுங்கள். அல்லது ஒரு கட்டுரை தாருங்கள்' என்றார். கட்டுரைக்கான புதிர் இது: எழுத்துக்களுக்கு 0, 1 ஆகியவற்றால் குறி கொடுக்கவேண்டும், செய்தியின் மொத்த நீளம் மிகக் குறைவாக இருக்கவேண்டும். இதற்கு மிகச் சிறந்த வழி எது? ஃபானோவுக்கே அதன் முழுத் தீர்வு தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர் அந்த வகுப்பில் இருந்த டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர். 1952இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தேர்வுக்குப் பதிலாக எழுதிய கட்டுரை இன்று உங்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் வேலை செய்கிறது!

அவருடைய முறையை நம் மன்னார்புரத்தில் செய்து பார்ப்போம். புள்ளி 3 முறை வருகிறது. ம, ன, ர ஆகியவை இரண்டிரண்டு முறை. கால், ப, உகரக்குறி ஆகியவை ஒவ்வொரு முறை. மிகக் குறைவாக வரும் இரண்டை எடுத்து ஒன்றாகக் கட்டுங்கள். அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டி, அந்தக் கட்டை ஒரு புது எழுத்தாகக் கருதுங்கள். மறுபடியும் மிகக் குறைவான இரண்டைக் கட்டுங்கள். ஒரே கட்டு மிஞ்சும்வரை இப்படியே செய்தால் ஒரு மரம் கிடைக்கும். மரத்தின் உச்சியிலிருந்து இறங்கும்போது இடப்பக்கம் திரும்பினால் 0, வலப்பக்கம் திரும்பினால் 1. நான் கட்டிய மரத்தில் கிடைத்த குறிகள் இவை:

புள்ளி – 00
ர – 01
ம – 100
ன – 101
உகரக்குறி – 110
கால் – 1110
ப – 1111

எந்தக் குறியும் இன்னொரு குறியின் தொடக்கமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் குறிகளுக்கு நடுவே இடைவெளி விடத் தேவையில்லை. 1000110000 என்று எழுதியிருந்தால், 100 (ம), 01 (ர), 100 (ம), 00 (புள்ளி) என்று ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும். 'மரம்' என்பது விடை.

மன்னார்புரம் முழுவதையும் இந்தக் குறிகளால் எழுதினால் 33 பிட்டுதான். 288 எங்கே, 33 எங்கே! ஆனால் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. மேலே கொடுத்த குறிப் பட்டியலையும் கோப்போடு சேர்த்து அனுப்பவேண்டுமல்லவா? ஒரு சொல்லுக்காகப் பட்டியல் அனுப்பினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும். ஒரு புத்தகம் முழுவதையும் அனுப்பும்போது பட்டியலின் சுமை தெரியாது.

முன்பு வந்ததைச் சுட்டு

இரண்டாவது தந்திரத்தை 1977இல் இஸ்ரேல் நாட்டின் டெக்னியான் கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஏபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் ஆகிய இருவரும் வெளியிட்டார்கள். திருச்சியின் இரயில் நிலையங்களை வரிசையாக எழுதுவோம்:

திருச்சிராப்பள்ளி ஜங்ஷன், திருச்சிராப்பள்ளி டவுன், திருச்சிராப்பள்ளி கோட்டை, திருச்சிராப்பள்ளி பாலக்கரை.

ஊர்ப் பெயருக்கு மட்டும் 17 குறிகள், 51 பைட்டுகள். அதை ஏன் நான்கு முறை எழுதவேண்டும்? முதல் முறை முழுதாக எழுதுங்கள். இரண்டாம் முறை, '72 பைட்டு பின்னால் போ. அங்கிருந்து 52 பைட்டை எடுத்துக்கொள்' என்று குறிப்பிட்டால் போதும். ஊர்ப் பெயரும் அதையடுத்த இடைவெளியும் வந்துவிடும். பள்ளிக் குறிப்பேட்டில் 'மேற்படி' என்று எழுதுகிறோமே, அதுதான்!

விரிப்பவரிடம் தனியாகப் பட்டியல் எதுவும் இருக்க வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் அழகு. ஏற்கெனவே விரித்து முடித்த பகுதியே பட்டியலாக அமைந்துவிடுகிறது. இரண்டு தந்திரங்களையும் இணைத்ததுதான் 'டிஃப்ளேட்' என்ற முறை. முதலில் 'மேற்படி' போட்டுச் சுருக்கும். கிடைத்ததை ஹஃப்மன் குறிகளால் மேலும் சுருக்கும். இது 32,768 பைட்டு தூரம்வரை பின்னோக்கிப் பார்க்கும். ஜிப், ஜி-ஜிப் ஆகிய இரண்டும் பயன்படுத்துவது இதைத்தான்.

கட்டுவது வேறு, சுருக்குவது வேறு

யூனிக்ஸ் என்பது 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய இயக்க அமைப்பு. இன்றைய லினக்ஸ் அதன் வழியைப் பின்பற்றி எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் இருந்த 'பாஸ்' லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனத்தின் ஆக்கம்.

யூனிக்ஸில் ஒரு கொள்கை உண்டு. ஒரு நிரல் ஒரு வேலையைத்தான் செய்யவேண்டும். அதை நன்றாகச் செய்யவேண்டும். அதன்படி 'டார்' என்ற நிரல் பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டுவதோடு சரி. 1979இல் வெளிவந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பில் அது இடம்பெற்றது. காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாகப் பதிப்பதற்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டு கொண்ட ஒரு முகவரிச் சீட்டை வைக்கும். அதில் கோப்பின் பெயர், அளவு, தேதி, யார் படிக்கலாம் என்ற உரிமை ஆகியவை இருக்கும். பிறகு கோப்பு. அதையடுத்து அடுத்த சீட்டு. இது சரக்கு இரயிலில் பெட்டிகளைக் கோத்ததுபோல.

மூட்டையைச் சுருக்குவது ஜி-ஜிப்பின் வேலை. இதை 1992இல் ழான்-லூ கையி, மார்க் ஆட்லர் ஆகியோர் வெளியிட்டார்கள். அதற்கு முன் யூனிக்ஸில் இருந்த 'கம்ப்ரஸ்' என்ற நிரலின் முறைக்குக் காப்புரிமைச் சிக்கல் இருந்ததால், யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய ஒன்று தேவைப்பட்டது.

1989இல் ஃபில் கட்ஸ் கொண்டுவந்த ஜிப் முறை வேறு விதம். அது ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கி, பிறகு ஒன்றாகக் கட்டுகிறது. கடைசியில் ஒரு பொருளடக்கத்தையும் வைக்கிறது. ஆகவே ஜிப் மூட்டையிலிருந்து நூறாவது கோப்பை நேராக எடுத்துவிடலாம். டார் மூட்டையை ஜி-ஜிப்பால் சுருக்கியிருந்தால், நூறாவது கோப்பைத் தொட முன்னுள்ள 99 கோப்புகளையும் விரித்துக்கொண்டேதான் போகவேண்டும். ஆனால் முதல் கோப்பில் வந்த சொல்லை அடுத்த கோப்பிலும் 'மேற்படி' என்று சுட்ட முடியும் என்பதால், சின்னச் சின்னக் கோப்புகள் பல இருந்தால் இந்த மூட்டை பெரும்பாலும் சிறியதாக அமையும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கவேண்டியிருக்கிறது.

அவிழ்க்கும் முன் எட்டிப் பாருங்கள்

என் மாணவர் ஒருவர் உப்புக் கரைசலின் மின்கடத்து திறனை மூன்று வாரம் அளந்து, அளவீடுகளை ஒரு கோப்பில் எழுதி வந்தார். ஒரு நாள் முதல் வார மூட்டை ஒன்றை அதே இடத்தில் வைத்து அவிழ்த்தார். மூட்டைக்குள்ளும் அதே பெயரில் கோப்பு இருந்தது. டார் அவரை எதுவும் கேட்கவில்லை. புதிய கோப்பை அழித்துவிட்டுப் பழையதை வைத்துவிட்டது. இரண்டு வார உழைப்பு ஒரு நொடியில் போயிற்று. மீண்டும் அளந்துதான் முடித்தார்.

இது உங்களுக்கு நேராதிருக்கச் சில பழக்கங்களைச் சொல்கிறேன். கட்டளைகளை ஆங்கில எழுத்துக்களில் தட்டவேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன்.

1. முதலில் இது என்ன மூட்டை என்று தெரிந்துகொள்ளுங்கள். 'ஃபைல்' என்ற கட்டளை பெயரை நம்பாது. கோப்பின் தொடக்கப் பைட்டுகளைப் பார்த்துச் சொல்லும். ஜி-ஜிப் கோப்பு எப்போதும் 31, 139 என்ற எண்களோடு தொடங்கும். ஜிப் மூட்டை பொதுவாக 80, 75 என்று தொடங்கும். அவை 'பி', 'கே' என்ற ஆங்கில எழுத்துக்கள். ஃபில் கட்ஸின் முதலெழுத்துக்கள்!

2. அவிழ்க்காமல் உள்ளே பாருங்கள். 'டார்' என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோட்டுக்குப் பின் 'டி, இசட், எஃப்' என்ற மூன்று சிற்றெழுத்துக்களையும், பிறகு மூட்டையின் பெயரையும் கொடுத்தால் பட்டியல் மட்டும் வரும். ஜிப் மூட்டைக்கு 'அன்ஜிப்', சிறுகோடு, 'எல்'.

3. புதிதாக ஒரு காலி அடைவை உண்டாக்கி, அதற்குள் சென்று அவிழுங்கள். 'டி' இருந்த இடத்தில் 'எக்ஸ்' போட்டால் டார் அவிழ்க்கும். கூடவே 'கே' சேர்த்தால் ஏற்கெனவே உள்ள கோப்புகளைத் தொடாது.

4. படிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் அவிழ்க்கவே வேண்டாம். தனிக் கோப்பை ஜி-ஜிப்பால் சுருக்கியிருந்தால் 'இசட்-கேட்' அதை அப்படியே திரையில் கொட்டும். 'இசட்-லெஸ்' பக்கம் பக்கமாகக் காட்டும். 'இசட்-கிரெப்' உள்ளே ஒரு சொல்லைத் தேடித் தரும். வட்டிலுள்ள கோப்பு சுருங்கியபடியே இருக்கும்.

5. மூட்டை சிறிது என்று ஏமாறாதீர்கள். 0 என்ற எண்ணையே கோடிக்கணக்கில் எழுதிச் சுருக்கினால் டிஃப்ளேட் முறை ஆயிரத்தில் ஒரு பங்குவரை குறைத்துவிடும். மூட்டைக்குள் மூட்டையாகக் கட்டி, ஏறத்தாழ 42 கிலோபைட்டு அளவில் ஒரு குறும்பு ஜிப் உலவுகிறது. உள்ளிருக்கும் மூட்டைகளை எல்லாம் முழுவதும் விரித்தால் ஏறத்தாழ 4.5 பீட்டாபைட்டு! அதாவது 1,000 கிகாபைட்டு வட்டுகள் 4,500 வேண்டும். அறியாதவர் அனுப்பிய மூட்டையைப் பட்டியல் பார்க்காமல் திறக்கக் கூடாது.

ஒரே ஒரு பிட் மாறினால்?

மேலே கண்ட 'மரம்' நினைவிருக்கிறதா? 1000110000. வழியில் ஏதோ கோளாறால் முதல் 1 மட்டும் 0 ஆகிவிட்டது என்று கொள்வோம். 0000110000. பிரித்துப் பாருங்கள்: 00 (புள்ளி), 00 (புள்ளி), 110 (உகரக்குறி), 00 (புள்ளி), கடைசியில் ஒரு 0 அநாதையாக நிற்கிறது. ஒரு பிட் மாறியதும் சொல் முழுவதும் போய்விட்டது!

சுருக்காத கோப்பில் ஒரு பிட் மாறினால் ஓர் எழுத்துதான் பிழையாகும். வாசகர் ஊகித்துப் படித்துவிடுவார். சுருக்கிய கோப்பிலோ அதற்குப் பின்னால் வருவது பலவும் பாழாகலாம். ஏனெனில், சொன்னதையே சொல்வது வீண் அல்ல; அது ஒரு காப்பு. மிகையை எல்லாம் பிழிந்து எடுத்துவிட்டால் பிழையைத் தாங்கும் சக்தியும் போய்விடுகிறது.

ஆகவே ஜி-ஜிப், கோப்பின் கடைசியில் எட்டு பைட்டுகளைச் சேர்க்கிறது. நான்கில் மூலக் கோப்பின் அளவு, நான்கில் 'சி.ஆர்.சி.' என்னும் சரிபார்ப்பு எண். பெருக்கல் கணக்கை ஒன்பதால் வகுத்த மீதியைக்கொண்டு சரிபார்ப்பதுண்டே, அதைப் போன்றது இது. கோப்பு முழுவதையும் ஒரே பெரிய இரும எண்ணாகக் கருதி, ஒரு தனி முறையில் வகுத்து மீதியை எழுதி வைக்கிறது. விரித்தபின் மீண்டும் வகுத்துப் பார்க்கும். மீதி மாறினால் கோப்பு கெட்டுவிட்டது என்று அறிவிக்கும். 'ஜி-ஜிப்', சிறுகோடு, 'டி' என்று தட்டினால் அவிழ்க்காமலே இந்தச் சோதனை நடக்கும். நினைவிருக்கட்டும்: இது பிழையைக் காட்டும், திருத்தாது. முக்கியமான மூட்டைக்கு வேறொரு வட்டில் இன்னொரு படி இருப்பதே பாதுகாப்பு.

அவிழ்ந்தும் புரியவில்லையா?

மூட்டை நன்றாக அவிழ்ந்தது, சி.ஆர்.சி. சரியாக இருக்கிறது, ஆனால் கோப்பைத் திறந்தால் தமிழைக் காணோம், ஏதோ தலையில் கொம்பு முளைத்த ரோமானிய எழுத்துக்கள்! பழைய தமிழ்க் கோப்புகளில் இது அடிக்கடி நேரும்.

1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்ட'த்தைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியமின்றி நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினார்கள். அன்று கணிப்பொறிகளில் தமிழ் யூனிகோடு பரவலாகவில்லை. 'மயிலை', பிறகு 'டிஸ்கி' போன்ற முறைகள் வழங்கின. டிஸ்கியில் ஒரு வடிவத்துக்கு ஒரே பைட்டு. 'கொ' என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என்று சேமிக்கும். யூனிகோடிலோ க முதலில், உயிர்க்குறி பின்னால்.

மலைக்கோட்டையின் மேல் குகையில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் இருக்கிறது. எழுத்து சிதையவில்லை, நமக்குத்தான் கிரந்தம் தெரியவில்லை. டிஸ்கிக் கோப்பின் நிலையும் அதுவே. அது கெட்டுப்போன கோப்பு அன்று. 'ஐகான்வ்' என்ற யூனிக்ஸ் கட்டளையிடம், 'டிஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்று' என்று சொன்னால், லினக்ஸில் பொதுவாக அதை மாற்றித் தந்துவிடும். ஆகவே இத்தகைய கோப்பு கிடைத்தால் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அது யாரோ ஒருவர் இரவில் கண்விழித்துத் தட்டச்சு செய்த நூலாக இருக்கலாம்.

எதையும் சுருக்க முடியுமா?

முடியாது. மூன்று பிட் கொண்ட கோப்புகள் மொத்தம் எட்டு. அதைவிடச் சிறியவை எத்தனை? இரண்டு பிட்டில் நான்கு, ஒரு பிட்டில் இரண்டு, ஒன்றுமே இல்லாத கோப்பு ஒன்று, ஆக ஏழு. எட்டுப் பேரை ஏழு நாற்காலிகளில் ஆளுக்கொன்றாக உட்கார வைக்க முடியுமா? எத்தனை பிட் எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். ஆகவே எல்லாக் கோப்புகளையும் சுருக்கும் முறை ஒன்று இருக்கவே முடியாது. ஒளிப்படக் கோப்பை ஜிப் செய்தால் அளவு அவ்வளவாகக் குறைவதில்லை. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: அதை ஏற்கெனவே ஒருமுறை பிழிந்துவிட்டார்கள்.

ஜிப், டார், டிஃப்ளேட் ஆகியவற்றின் அமைப்பு யாரும் படிக்கும்படி எழுதி வெளியிடப்பட்டுள்ளது. டிஃப்ளேட்டின் விளக்கம் 1996இல் வெளிவந்தது. அந்த விளக்கம் கையில் இருக்கும்வரை, இன்றைய நிரல்கள் எல்லாம் மறைந்தாலும், உங்களில் ஒருவர் உட்கார்ந்து புதிதாக ஒரு நிரல் எழுதி மூட்டையை அவிழ்த்துவிட முடியும். பட்டியலைத் தொலைக்காமலிருப்பதுதான் முக்கியம்.

உங்களுக்கு ஒரு பயிற்சி. மேலே கொடுத்த குறிப் பட்டியலை வைத்து இதைப் படியுங்கள்:

100101001010100

காகிதமும் பென்சிலும் போதும். இடப்பக்கமிருந்து தொடங்குங்கள், பொருந்தும் குறி கிடைத்தவுடன் வெட்டுங்கள். சரியாகச் செய்தால் நான்கெழுத்துச் சொல் ஒன்று வரும். ஊர்ப் பெயரின் தொடக்கத்தை ஒத்திருக்கும்; ஆனால் கால் மட்டும் இராது. பிறகு உங்கள் ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மரம் கட்டி, எத்தனை பிட்டில் அடங்குகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.